உள்ளபடி: பிச்சாட்டூர் வட்டாரத்தில் படியெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்



பிச்சாட்டூரிலும் நாகலாபுரத்திலும் சத்தியவேட்டிலும் நகரியிலும் கோயில் சுவரைப் படித்து எழுதி வைப்பவர்களுக்கும், வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் பழைய பத்திரங்களைப் படியெடுத்துக் கொடுப்பவர்களுக்கும், முதியவர்களின் பேச்சைக் கேட்டு ஊர் வரலாறாக அச்சிடுபவர்களுக்கும் இந்த மடல். உங்கள் ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைகள்தாம் அவற்றைத் தாண்டிப் போய்வந்திருக்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. எல்லைச் சிக்கலைத் தீர்க்கப் படாஸ்கர் வகுத்துக் கொடுத்த ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்கு வந்தன. 2022 ஏப்ரலில் பிச்சாட்டூர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. பிச்சாட்டூர் அணையிலிருந்து இறங்கும் ஆரணியாறு சுருட்டப்பள்ளியையும் ஊத்துக்கோட்டையையும் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போவது போல, இந்த வட்டாரத்து எழுத்தும் ஒரே மொழிக்குள் அடங்கி நிற்காமல் ஓடியது. தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து கிடக்கும் இந்தக் காகிதங்களில் ஒரே ஊர்ப்பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் படியெடுப்பவருக்கு ஓயாமல் எதிர்ப்படும் கேள்வி ஒன்று உண்டு: மூலத்தில் இருப்பது பிழை என்று தோன்றினால் என்ன செய்வது?

பலர் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறார்கள். தமிழாசிரியரின் கைக்கு அது பழகிய வேலை; சிவப்பு மையால் சுழித்த கை, படியெடுக்கும்போதும் தன்னை அறியாமல் ஒற்றைச் சேர்க்கிறது, றகரத்தை மாற்றுகிறது. இன்னும் சிலர் இருப்பதை அப்படியே எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார்கள். படிப்பவருக்கு அது கல்லின் பிழையா, எழுதியவரின் பிழையா, அச்சுக்கூடத்தின் பிழையா என்று தெரிவதில்லை. வேறு சிலர் அண்மைக் காலமாக ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து, பிழையின் பக்கத்தில் பகர அடைப்புக்குள் ‘சிக்’ என்ற லத்தீன் சொல்லை இடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ‘இப்படி’ என்பதே பொருள். ‘இப்படியே எழுதப்பட்டிருந்தது’ என்ற நீண்ட தொடரின் சுருக்கமாக அது நிற்கிறது. நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை, கண்டேன், கண்டதை எழுதினேன் என்று படியெடுத்தவர் கொடுக்கும் வாக்குமூலம் அது. அந்த வாக்குமூலம் நமக்கும் வேண்டும் என்பதே என் வாதம். ஆனால் அது எங்கே வேண்டும், எங்கே கூடாது என்பதை நம் எழுத்தின் வரலாற்றிலிருந்து நாமே முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து அப்படியே பின்பற்றினால் உங்கள் வட்டாரத்தில் அது தீங்காகவும் முடியும்.

முதலில், இது நமக்குப் புதிதன்று. காவிரிக் கரையில் திருக்கோடிக்காவல் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கினார். பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகளை, பல்லவ அரசர் காலத்தவை உட்பட, படியெடுக்கச் செய்து புதுச் சுவரில் மறுபடி வெட்டுவித்தார். அப்படி வெட்டியபோது இதுவும் ஒரு பழங்கற்படி என்று கல்லிலேயே குறிக்கவும் செய்தார்கள். யோசித்துப் பாருங்கள். புதுச் சுவரில் புது எழுத்தில் வெட்டப்பட்ட ஒரு வாசகத்தைப் பார்ப்பவர், இது இன்றைய ஆணை என்று நினைத்துவிடக் கூடாது. மூலம் வேறு, இது அதன் நகல் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பொறுப்பை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு கல்தச்சனின் உளி ஏற்றிருக்கிறது. ‘படி’ என்ற சொல்லும் தற்செயலாக வந்ததன்று. நகலுக்கும் படி என்கிறோம். விதத்துக்கும் படி என்கிறோம். சொன்னபடி, எழுதியபடி, உள்ளபடி. லத்தீன் ஒரு சொல்லால் சொல்வதை நம் மொழி நகலெடுக்கும் தொழிலின் பெயரிலேயே வைத்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று திருமலையில் இருக்கிறது. 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் தேவஸ்தானம் தொகுதி தொகுதியாக வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். அவற்றில் பற்பல, இன்ன விதம் நடத்த வேண்டும் என்று விவரித்து முடித்து, ‘இப்படிக்கு’ என்று சொல்லி, கோயில் கணக்கன் திருநின்றவூருடையானின் எழுத்து என்று கையொப்பத்தோடு நிற்கின்றன. எழுதியவன் யார், எந்தப் பொறுப்பில் எழுதினான் என்று சொல்லாமல் அந்தக் கற்கள் பேசுவதில்லை.

திருத்தாமல் படியெடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் காட்டக்கூடிய மிகப் பெரிய சான்று தமிழ் பிராமிக் குகைக் கல்வெட்டுகளின் கதை. மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் இருப்பவற்றை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டு சொன்னார். எழுத்து பிராமி என்று தெரிந்தது, மொழிதான் பிடிபடவில்லை. எழுத்தைக் கூட்டிப் படித்தால் எந்த மொழிக்கும் ஒத்துவராத சொற்கள் வந்தன. 1924இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர், தமிழுக்கே உரிய ழகர ளகர றகர னகரங்கள் இருப்பதைச் சுட்டி, இவை தமிழ்தான் என்று நிறுவினார். அப்போதும் சொற்கள் முழுதாகச் சீராகவில்லை. வேண்டாத இடத்தில் நெடில், வேண்டிய இடத்தில் மெய் இல்லை. பொறித்தவர்கள் அரைகுறையாக எழுதத் தெரிந்தவர்கள் என்று முடிவுகட்டிவிட எல்லா வசதியும் இருந்தது. 1960களில் ஐராவதம் மகாதேவன் அந்தப் ‘பிழைகளை’ வரிசையாக வைத்துப் பார்த்தார். அவற்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. மிகப் பழைய முறையில், கால் போன்ற குறி ஏறிய எழுத்து அகரம் ஏறியது. குறியில்லாத எழுத்து வெறும் மெய். அந்த முறையில் ‘மகன்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு ‘மாகான’ என்று தெரியும். எழுதியவன் தவறவில்லை, நாம்தான் அவன் விதியை அறியவில்லை. உங்கள் மாநிலத்திலேயே கிருஷ்ணா ஆற்றுப் பக்கம் பட்டிப்ரோலுவில் 1892இல் கிடைத்த பேழை எழுத்துகளிலும் இதற்கு உறவான ஓர் ஏற்பாடு உண்டு. 2003இல் வெளிவந்த மகாதேவனின் பெருநூல் இந்த ஒழுங்கின் மேல்தான் காலவரிசையைக் கட்டியது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அவரது மதிநுட்பம் மட்டுமன்று. அவருக்கு முன் எண்பது ஆண்டுகள், பொருள் புரியாதபோதும் எழுத்தை மாற்றாமல் மைப்படி எடுத்து அச்சிட்டுப் போனவர்களின் பொறுமை. அவர்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ‘மாகான’வை ‘மகன்’ ஆக்கியிருந்தால், அடுத்தவர் ஒரு நெடிலைக் குறிலாக்கியிருந்தால், அந்த விதியைக் கண்டுபிடிக்க ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

ஜம்பைக் கல்வெட்டும் இதையே சொல்கிறது. திருக்கோவலூருக்கு அருகே 1981இல் தெரியவந்த அந்த ஒற்றை வரியில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயருக்கு முன் ‘ஸதியபுதோ’ என்று இருக்கிறது. தமிழ் இலக்கணப்படி பார்த்தால் அது சொல்லே இல்லை. ஆனால் அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர் பாண்டியரோடு வரும் ‘ஸதியபுதோ’ யார் என்று நெடுநாள் நடந்த வாதத்தை அந்த உருத்தான் முடித்து வைத்தது. அதைச் ‘சத்தியபுத்திரன்’ என்று நாகரிகப்படுத்தி எழுதியிருந்தால் பொருள் மாறியிருக்காது. சான்றின் பாதி வலிமை போயிருக்கும்.

தேதிக் கணக்கில் திருத்துவதன் ஆபத்து இன்னும் கூர்மையானது. சோழர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு, மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று சொல்லப்படும் குறிப்புகளைக் கணித்துத்தான் கீல்ஹார்ன் போன்றவர்கள் அரசர்கள் முடிசூடிய ஆண்டுகளை நெருங்கினார்கள். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்கப் பேரட்டவணை, கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாள்களுக்கு இந்தக் கணக்கை எல்லோருக்கும் எளிதாக்கியது. கணித்துப் பார்க்கும்போது சில கல்வெட்டுகளில் கிழமை ஒத்துவரும், திதி ஒத்துவராது. பூர்வபக்ஷம் என்று வெட்டியது அபரபக்ஷமாக இருந்தால் பொருந்தும் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதை அடிக்குறிப்பில் சொல்வது ஆராய்ச்சி. வாசகத்திலேயே மாற்றிவிட்டால் என்ன ஆகும்? பின்னால் வருபவர் உங்கள் படியை எடுத்துக் கணிப்பார்; அழகாகப் பொருந்தும்; ஆகவே அரசனின் ஆண்டு உறுதியாயிற்று என்பார். உங்கள் ஊகமே உங்கள் ஊகத்துக்குச் சாட்சியாகிவிடும். நில அளவும் அப்படித்தான். குழிக்கணக்கைக் கூட்டினால் மொத்தம் சரிவராத பத்திரம் உங்கள் கைக்கு வந்தால், கூட்டல் தவறா, ஒரு பங்கு விட்டுப்போனதா என்பதை அந்தக் காகிதத்தை வைத்து வழக்காடப்போகிறவர்கள் தீர்மானிக்க வேண்டும். படியெடுக்கும் மேசையில் அது தீர்ந்துவிடக் கூடாது.

இங்கே ஒரு தடையைப் பலர் சொல்வார்கள், சொல்லத் தகுந்த தடைதான். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் திருத்திப் பதிப்பித்ததால்தானே இன்று நமக்குப் படிக்கும்படியான நூல்கள் இருக்கின்றன? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பழமொழியே இருக்கிறதே, கெட்டதைச் சீராக்குவதுதானே பதிப்பு? இலக்கியப் பதிப்பில் அது சரி. அங்கே தேடுவது நூலாசிரியர் எழுதியதை. ஏடெழுதியவரின் கைப்பிழை இடையில் விழுந்த தூசு. பல ஏடுகளை ஒப்பிட்டு அதைத் துடைக்கலாம். அப்படித் துடைத்தபோதும் சாமிநாதையர் பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் காட்டினார். 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது கிடைக்காத 267, 268ஆம் பாட்டுகளின் இடத்தை எண்ணோடு வெறுமையாகவே விட்டார். பின்னால் இருக்கும் பாட்டுகளை முன்னே நகர்த்தி எண்ணைச் சரிக்கட்டியிருந்தால் எந்த வாசகருக்கும் இழப்பு தெரிந்திருக்காது. நீங்கள் செய்வதோ இலக்கியப் பதிப்பன்று. ஒரே கல், ஒரே பத்திரம், ஒருவர் ஒருமுறை எழுதிய மனு. ஒப்பிட வேறு ஏடு கிடையாது. அங்கே எழுதியவர் கையும் அவர் கைப்பிழையும் அன்று நடந்ததன் ஒரு பகுதி. அதைத் துடைத்தால் தூசு போகாது, சான்று போகும்.

சரி, திருத்தக் கூடாது என்றாயிற்று. அப்படியானால் பிழை என்று தோன்றும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறி போட்டுவிட்டால் போதுமா? இங்கேதான் நான் உங்களோடு கொஞ்சம் அதிக நேரம் பேச விரும்புகிறேன். தமிழில் பழைய வாசகத்தைப் பார்த்து இது பிழை என்று சொல்வதற்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டும். ஓலையிலும் கல்லிலும் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொன்ன வழக்கம் கையெழுத்தில் தேய்ந்துபோய், இன்று நாம் எழுதும் வேறுபாட்டை வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துப் பேசுகிறோம். ஆகவே 1500ஆம் ஆண்டுக் கல்லில் ‘கோ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கொ’ இருப்பது வெட்டியவர் காலத்து எழுத்து முறை. ‘விற்றுக்குடுத்தோம்’ என்பது சோழர் கால நில விற்பனைக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது. ‘கொடுத்தோம்’ என்று எழுதத் தெரியாமல் சபையார் அப்படி வெட்டுவிக்கவில்லை. நாம் இன்று வாயால் சொல்லும் ‘குடு’ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று கிடைக்காது. அதன் பக்கத்தில் பிழைக்குறி போடுபவர், கல்லில் இல்லாத பிழையைத் தன் கையால் உண்டாக்குகிறார். 1978க்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, றா என்பனவற்றுக்குப் பழைய வடிவங்கள் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை அவையே முறையான எழுத்து.

இதைவிடக் கவலை தருவது உயிரோடு இருப்பவர்களின் எழுத்து. உங்கள் வட்டாரத்தில் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு மட்டும் படித்த தலைமுறைகள் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் தமிழில் மனு எழுதினால் ஒற்று விடும், ரகர றகரம் மாறும், தெலுங்குச் சொல் நுழையும். தெலுங்கு எழுத்திலேயே தமிழை எழுதி வைத்தவர்களின் குறிப்பேடுகளும் கிடைக்கக்கூடும். அந்த எழுத்தில் நகர னகரத்துக்கு ஒரே வடிவம், ழகரத்துக்குத் தனி இடம் வழக்கில் இல்லை, ரகர றகர வேறுபாடு இன்று பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும்போது எந்த நகரத்தை இடுவது என்பது உங்கள் முடிவு, அவர் பிழையன்று. இப்படிப்பட்ட ஒருவரின் பத்து வரியில் பதினைந்து இடத்தில் அடைப்புக்குறி போட்டு அச்சிட்டுப் பாருங்கள். குறி ஒவ்வொன்றும் உண்மை. சேர்ந்து பார்த்தால் அது அவமதிப்பு. தன் ஏரிக்கால்வாய் தூர்ந்துபோனதைச் சொல்ல வந்தவரின் குறை மறைந்து, அவர் தமிழ் மட்டும் கூண்டில் நிற்கும். எல்லைக்கு உங்கள் பக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் தன் மொழியைப் பள்ளியின் துணையில்லாமல் காத்துவந்த ஒருவருக்கு நாம் அதைச் செய்யலாமா?

ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் இது. ஒரு விசித்திரத்தைக் காணும் வாசகர் யாரைச் சந்தேகிப்பார் என்று கேளுங்கள். படியெடுத்தவராகிய உங்களைச் சந்தேகிப்பார் என்றால் குறி வேண்டும். அது உங்கள் சாட்சியத்தைக் காக்கிறது. எழுதியவரின் படிப்பையோ பேச்சையோ மட்டம் என்று நினைப்பார் என்றால் குறி வேண்டாம். அங்கே குறி யாரையும் காக்கவில்லை, ஒருவரைச் சுட்டுகிறது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடும், பிழை படியெடுத்ததில் நேர்ந்தது என்று வாசகர் கருத இடமுண்டு என்றால்தான் ‘சிக்’ என்ற சொல்லை இட வேண்டும், வழக்கத்துக்கு மாறான எழுத்துக்கூட்டலைச் சுட்டிக்காட்டுவதற்கென்றே இடக் கூடாது என்ற கருத்தைத்தான் சொல்கிறது. ஒரு பத்திரத்தில் ‘கிழக்கே ஆறு’ என்று இரண்டு முறை வந்து மேற்கெல்லையே இல்லாமல் போனால், வாசகர் உங்களைத்தான் சந்தேகிப்பார், குறி இடுங்கள். விற்றவர் பெயர் மேலே ஒரு விதமாகவும் கையொப்பத்தில் வேறு விதமாகவும் இருந்தால் இடுங்கள். சாலிவாகன சகாப்தமும் அறுபது வருடச் சுழற்சியின் பெயரும் ஒத்துவராவிட்டால் இடுங்கள். ஒற்று மிகாத இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பேச்சைப் பதிவு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பேச்சுக்கு எழுத்துப்பிழை கிடையாது. ஒரு பாட்டி சொன்னதை எழுதும்போது எழுத்து உங்களுடையது. அதில் பிழைக்குறி போட்டால் நீங்கள் எழுதியதற்கு நீங்களே குறி போடுகிறீர்கள். வாய்மொழியாக வரும் புகாரைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டு, சொன்னவருக்கே வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில் ஒரு நல்ல அறிவு இருக்கிறது: எழுதியவர் கையில் சொன்னவர் வார்த்தை மாறிவிடக்கூடும் என்ற அறிவு. அதையே நீங்களும் செய்யலாம். அவர் திருத்தச் சொன்னால் திருத்துங்கள். அந்த உரிமை அவருடையது. செய்தியில் தவறு என்றால் வேறு. எல்லை மாறியது 1956இல் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் 1960 என்று அடைப்புக்குள் கொடுப்பதே மரியாதை. அவர் சொன்ன ஆண்டு நினைவில் எப்படிப் பதிந்தது என்பதும் ஒரு வரலாறுதான். அந்த 1956 மொழிவழி மாநிலங்கள் அமைந்த ஆண்டு என்பதால் அவர் மனத்தில் இரண்டும் ஒன்றாகியிருக்கலாம்.

இவ்வளவு கறாராக இருந்தால் யார் படிப்பார்கள், பிள்ளைகள் பிழையைத்தானே கற்பார்கள் என்ற கேள்வி ஆசிரியர்களிடமிருந்து வரும். பிள்ளைகளுக்குப் படிக்கும் வடிவம் ஒன்று தனியே கொடுங்கள். சந்தி பிரித்து, புள்ளி இட்டு, இன்றைய எழுத்தில், ‘படிக்க வசதியாக மாற்றியது’ என்று தலையில் சொல்லிக் கொடுங்கள். மேலே மூலப்படி, கீழே அது. இரண்டையும் கலந்து ஒன்றாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். கலந்த வடிவத்திலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழி கிடையாது. நாளிதழ்க்காரர்களுக்கு ஒரு சலுகையையும் ஒப்புக்கொள்கிறேன். நேற்று அச்சான ஒரு துண்டறிக்கையில் எழுத்துக் கோக்கும்போது நேர்ந்த வெளிப்படையான சறுக்கலை, எழுத்து இடம் மாறியதை, இரட்டித்ததை, மேற்கோள் காட்டும்போது சத்தமில்லாமல் சரிசெய்வதில் குற்றம் இல்லை. மூலம் எல்லோர் கையிலும் இருக்கிறது. அந்தச் சறுக்கல் யாருக்கும் சான்றாகாது. ஆனால் பெயர், எண், தேதி, அளவு இந்த நான்கிலும் அந்தச் சலுகை கிடையாது.

குறியாக எதை இடுவது? லத்தீன் சொல்லைத் தமிழ் எழுத்தில் ‘சிக்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. லத்தீன் எழுத்திலேயே விட்டால் தமிழ் வாக்கியத்தின் நடுவே அது அந்நியர் போல நிற்கும். பகர அடைப்புக்குள் [உள்ளபடி] என்று இடுங்கள். அது தானே தன்னை விளக்கிக்கொள்ளும், பிழை என்ற சொல்லையும் உச்சரிக்காது. அதுவே அதன் பெரிய நன்மை: தீர்ப்புச் சொல்லாமல் சாட்சி மட்டும் சொல்கிறது. கல்வெட்டானால் இன்னும் நுட்பமான ஏற்பாடு தயாராகவே இருக்கிறது. 1890இல் ஹுல்ட்ஷ் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் திறந்து பாருங்கள். சிதைந்து ஐயத்தோடு படித்த எழுத்து அடைப்புக்குள் இருக்கும், பொறித்தவர் விட்டுவிட்டதைப் பதிப்பாசிரியர் சேர்த்திருந்தால் கொடுத்[து*] என்பது போல உடுக்குறியோடு இருக்கும், திருத்தம் அடிக்குறிப்பில் ‘இப்படிப் படிக்க’ என்று தனியே இருக்கும். கல்லில் இருப்பதையும் பதிப்பாசிரியர் நினைப்பதையும் வாசகர் எந்த எழுத்திலும் குழப்பிக்கொள்ள வழியில்லை. வாசகம் முழுதும் வேறு எழுத்து முறையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் குறி வேண்டாம். ‘எழுத்தும் ஒற்றும் மூலத்தில் உள்ளபடி’ என்று தொடக்கத்தில் ஒரே வரி எழுதிவிட்டால், பிறகு குறிக்க வேண்டிய இடங்கள் மூன்றோ நான்கோதான் மிஞ்சும்.

கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு 1513இல் முதலில் வந்தபோது கொடுத்தவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வெட்டுவித்தார்கள். மூன்றையும் ஒப்பிடுபவருக்கு அவை ஒன்றோடொன்று வேறுபடும் இடங்களே பேசும். அந்தக் கற்களுக்குக் காவல் இருக்கிறது, அச்சான தொகுதிகளும் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயில்களின் அடித்தளக் கற்களுக்கு அது இல்லை. திருப்பணி என்றால் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறுகின்றன. மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்த இடங்களில் எழுத்தே தேய்ந்திருக்கிறது. தரை உயர்ந்தால் கீழ் வரிசை மண்ணுக்குள் போகிறது. பத்திரங்களைக் கரையான் விடுவதில்லை. திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் எடுத்துப்போட்ட பழங்கற்கள் இன்று இல்லை. அவர் வெட்டுவித்த படிதான் நமக்கு மூலம். நீங்கள் பள்ளி நோட்டில் பென்சிலால் எழுதிய படிக்கும் அந்த நிலை வரக்கூடும். அதனால் ஒவ்வொரு படியின் அடியிலும் ஊர், கோயில், எந்தப் பக்கத்துச் சுவர், எத்தனையாவது வரியிலிருந்து தெரிகிறது, எந்த எழுத்துகள் ஐயம், எந்த நாளில் படித்தது என்று எழுதி, ஒரு படத்தையும் சேர்த்து, உங்கள் பெயரையும் இடுங்கள். திருநின்றவூருடையான் இட்டாரே, அப்படி.

இப்படிக்கு,
உங்கள் படிகளை நம்பிப் படிக்கும் ஒருவர்